ஏ.ஆர்-லிருந்து தாலுகா ஸ்டேஷன்: காவலருக்கு அங்கே என்னதான் வேலை?

வைகைக்கரை | 3 ஆகஸ்ட் 2025
ஏ.ஆர்-ல (ஆயுதப்படை) இருக்கேன். தாலுகா ஸ்டேஷனுக்கு ஆர்டர் வரப்போகுது. சின்ன டவுன், சுத்திக் கிராமங்க. கூட இருக்கிறவங்க எல்லாம் "லோக்கல் போயிட்டா நிம்மதி, பரேடு இல்ல, எஸ்கார்ட் இல்ல, பெரிய பந்தோபஸ்து வந்தாத்தான் ஓட்டம்"னு சொல்றாங்க. நிஜமாவே அப்படித்தானா? போன புதுசுல எதைத் தெரிஞ்சு வச்சிருக்கணும்?

பழைய ரைட்டர் | 3 ஆகஸ்ட் 2025
பரேடு குறையும் தம்பி, அது உண்மை. எஸ்கார்ட் குறையாது. ரிமாண்ட் கைதியைக் கிளைச் சிறைக்குக் கொண்டுபோவதும், ஜி.எச்-சில் (அரசு ஆஸ்பத்திரி) படுத்திருக்கும் கைதிக்குக் காவல் இருப்பதும் ஸ்டேஷன் காவலர் தலையில்தான் விழும். அதோடு பாரா (ஸ்டேஷனிலேயே நின்று காவல் காப்பது), தபால், கோர்ட், பீட் (ரோந்துப் பகுதி), சம்மன், பாடி டியூட்டி (இறந்தவர் உடலோடு இருக்கும் வேலை), திருவிழா எல்லாம் சேரும். ஏ.ஆர்-ல் கம்பெனியோடு போய் கம்பெனியோடு திரும்புவீர்கள். இங்கே பெரும்பாலும் தனியாகப் போவீர்கள். எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், யார் கையில் எதைக் கொடுத்தீர்கள் என்பதற்கு உங்கள் எழுத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. தாலுகா ஸ்டேஷன் காவலர் வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கோர்ட்டில் நிற்கும் வழக்கும், உடைந்துபோகும் வழக்கும் பல சமயம் ஒரு பி.சி. (சாதாரணக் காவலர்) எழுதிய நேரத்தைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் பாரா. மாற்றிக்கொள்ளும்போது முந்தைய ஆள் "எல்லாம் சரியா இருக்கு"ன்னு சொல்வதை வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். துப்பாக்கிகளை நம்பர் பார்த்து எண்ணுங்கள். தோட்டாவைத் தொட்டு எண்ணுங்கள். லாக்கப்பில் ஆள் இருந்தால் பெயர் கேட்டு, உடம்பில் காயம் உண்டா என்று பாருங்கள். மைக் (வயர்லெஸ்) வேலை செய்கிறதா, வழக்குச் சொத்து வைத்திருக்கும் அறைப் பூட்டு சரியாக இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு பாரா புத்தகத்தில் கையெழுத்து, ஜி.டி-யில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு) பதிவு. கையெழுத்து விழுந்த நிமிடத்திலிருந்து குறைகிற ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜி.டி-யில் இடம் விட்டு எழுதக் கூடாது. "ரெண்டு வரி விட்டு வை, பிறகு நிரப்பிக்கலாம்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். கோர்ட்டுக்கு அந்தப் புத்தகம் போகும் நாளில் அந்த இரண்டு வரி கண்ணை உறுத்தும்.

வைகைக்கரை | 4 ஆகஸ்ட் 2025
ராத்திரி பாராவுல தனியா இருக்கும்போது யாராவது புகாரோட வந்தா? எஃப்.ஐ.ஆர் நான் போட முடியுமா?

பழைய ரைட்டர் | 4 ஆகஸ்ட் 2025
முடியாது. நிலையப் பொறுப்பு அதிகாரி இல்லாதபோது அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் பொறுப்பாகலாம். ஆனால் அவர் கான்ஸ்டபிளுக்கு மேல்நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வரையறை. ஏட்டய்யா இருந்தால் அவர் போடலாம்.

அதற்காக வந்தவரைக் "காலையில வாங்க" என்று அனுப்புவது பெருந்தவறு. உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், மனுவை வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, கைரேகை வாங்கி வையுங்கள். உடனே எஸ்.ஐ-க்கு போன். வந்த நேரம், போன் செய்த நேரம் இரண்டும் ஜி.டி-யில் ஏற வேண்டும். காயத்தோடு வந்தால் முதலில் 108, காகிதமெல்லாம் அப்புறம்.

நோட்டரி மாடி | 5 ஆகஸ்ட் 2025
வக்கீல் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. "இது எங்க லிமிட் இல்ல, அடுத்த ஸ்டேஷன் போங்க" என்ற பதில் இனிச் செல்லாது. 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலை வாங்க வேண்டும் என்று சொல்கிறது. ஆன்லைனில் அனுப்பிய புகார் என்றால் கொடுத்தவர் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

இன்னொன்று சி.எஸ்.ஆர்., அதாவது மனு ரசீது. அதைக் கொடுத்தாலே வேலை முடிந்தது என்று பல ஸ்டேஷன்களில் நினைக்கிறார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. 3 ஆண்டுக்குக் குறையாமல், 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதுச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, வரப்புத் தகராறு, கொடுத்த கடன் இவற்றுக்கு சி.எஸ்.ஆர். பொருந்தும். மண்டை உடைந்து வந்தவனுக்குப் பொருந்தாது.

பழைய ரைட்டர் | 7 ஆகஸ்ட் 2025
தபால் பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். சாதாரணத் தபால் எளிது. எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்-தான் சோதனை.

கொலை மாதிரி பெரிய வழக்கில் எஃப்.ஐ.ஆர்-ஐயும் அசல் புகாரையும் மூடிய உறையில் வைத்து ஒரு காவலர் கையில் கொடுத்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார்கள். இரவு என்றால் நடுவர் வீட்டுக்கே போக வேண்டும். வாங்குபவர் எஃப்.ஐ.ஆர்-லேயே தேதியும் மணியும் எழுதிக் கையெழுத்திடுவார். நகல் டி.எஸ்.பி. அலுவலகத்துக்கும் போகும்.

எங்கே கெடும்? நடுவர் விடுப்பில் இருப்பார். பொறுப்பு நடுவர் பக்கத்து ஊரில் இருப்பார். இது இரவு 1 மணிக்குக் கேட்டைத் தட்டும்போதுதான் தெரியவரும். அதனால் நடுவர் விடுப்பில் போகிறாரா, பொறுப்பு யாருக்கு என்பதை கோர்ட் டியூட்டி காவலர் தினமும் மாலையில் கோர்ட் ஊழியரிடம் கேட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட வேண்டும். வண்டி பஞ்சர், ஆற்றில் தண்ணீர், ரயில்வே கேட் என்று எந்தத் தாமதமானாலும் போன இடத்திலேயே பாக்கெட் நோட்டில் மணியோடு எழுதுங்கள், திரும்பியதும் ஜி.டி-யில் ஏற்றுங்கள்.

குறுக்கு விசாரணை எப்படி வரும் என்றால்: "எஃப்.ஐ.ஆர் இரவு 9 மணிக்கு. நடுவர் வீடு 18 கிலோமீட்டர். அவர் கையெழுத்து அதிகாலை 4 மணி. இடையில் ஏழு மணி நேரம் எங்கே இருந்தீர்கள்? உட்கார்ந்து பெயர்களைச் சேர்த்து எழுதினீர்கள் அல்லவா?" அன்று காரணம் எழுதி வைத்திருந்தால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். எழுதாமல் விட்டிருந்தால், சம்பவம் நடந்து சில ஆண்டு கழித்துக் கூண்டில் நின்று யோசித்துச் சொல்லும் எந்தக் காரணமும் எடுபடாது.

நோட்டரி மாடி | 7 ஆகஸ்ட் 2025
அப்படியேதான் கேட்போம். கேட்பது எங்கள் கடமை.

செம்பருத்தி | 10 ஆகஸ்ட் 2025
மகளிர் காவலர் நான். சம்மன் பத்தி யாரும் எழுதல. கிராம பீட்ல பாதி வேலை அதுதான். சம்மன்ல "முருகன், த/பெ மாடசாமி"ன்னு இருக்கும். அந்த ஊர்ல அதே பேர், அதே அப்பா பேர்ல ரெண்டு பேர் இருப்பாங்க. தெரு, பட்டப்பேரு, தொழில் மூணையும் கேட்டு உறுதி பண்ணாம கொடுக்கக் கூடாது. தலையாரிய கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு. ஆள் இல்லன்னா வீட்டுல இருக்கிற வயசு வந்த ஆம்பளகிட்ட கொடுத்து கையெழுத்து வாங்கணும்.

நோட்டரி மாடி | 10 ஆகஸ்ட் 2025
சகோதரி, கடைசி வரி பழைய சட்டம். சி.ஆர்.பி.சி-யில்தான் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) "வயது வந்த ஆண் உறுப்பினர்" என்று இருந்தது. பி.என்.எஸ்.எஸ் 66-ல் வயது வந்த குடும்ப உறுப்பினர் யாரானாலும் போதும், மனைவி, தாய், மகள் எல்லாரும் அடங்குவர். வேலைக்காரர் மட்டும் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார், அது மாறவில்லை. தோட்டத்து வீட்டில் வேலையாளிடம் கொடுத்துவிட்டு வந்தால் சம்மன் சார்வு (சேர்ப்பித்தது) செல்லாது.

செம்பருத்தி | 10 ஆகஸ்ட் 2025
நல்லது சார். இதனால எங்க அலைச்சல் பாதி குறையும். பகல்ல கிராமத்துல ஆம்பளைங்க காட்டு வேலைக்குப் போயிடுவாங்க, வீட்டுல பெண்கள்தான்.

பழைய ரைட்டர் | 11 ஆகஸ்ட் 2025
இதோடு ஒட்டியது பிடிவாரண்ட். நிறைவேற்றப் போகும் முன் கோர்ட்டுக்கு போன் செய்து வாரண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். முந்தின நாளே ஆள் சரணடைந்து வாரண்ட்டைத் திரும்பப் பெற்றிருப்பார். ரீகால் உத்தரவு ஸ்டேஷனுக்கு வந்திருக்காது. விடியற்காலையில் போய் ஆளைத் தூக்கி வந்தால் அது சட்டவிரோதக் காவல்.

வாட்ஸ்அப் பற்றியும் தெளிவு வேண்டும். கோர்ட் சம்மனை மின்னணு முறையில் அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஆஜராகச் சொல்லி போலீஸ் கொடுக்கும் பி.என்.எஸ்.எஸ் 35(3) நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நேரில்தான் கொடுக்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவரையும், பெண்ணையும், 15 வயதுக்குக் குறைந்தவரையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவும் கூடாது. அவர்கள் வீட்டுக்கு நாம்தான் போக வேண்டும்.

வைகைக்கரை | 11 ஆகஸ்ட் 2025
இவ்வளவு அலையறதுக்கு பஸ்ல டிக்கெட் எடுக்கணுமா?

பழைய ரைட்டர் | 11 ஆகஸ்ட் 2025
பயண வாரண்ட் (பிடிவாரண்ட் அல்ல, டிக்கெட்டுக்குப் பதிலாகக் காட்டும் சீட்டு) கையில் இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் நாங்குநேரியில் ஒரு காவலருக்கும் நடத்துநருக்கும் நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு போக்குவரத்துத் துறை இதைத் தெளிவாகவே அறிவித்தது. சீருடை பயணச்சீட்டு ஆகாது. நடத்துநரும் நம்மைப் போல மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர். வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது ரைட்டரிடம் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவர்) பாஸ்போர்ட்டும் பயண வாரண்ட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். (ஸ்டேஷனில் பாஸ்போர்ட் என்றால் எந்த வேலையாக, எங்கே போகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதியவர்கள் குழம்புகிறார்கள்.)

பழைய ரைட்டர் | 16 ஆகஸ்ட் 2025
பாடி டியூட்டி. கிராமப்புற ஸ்டேஷனில் இது ஓயாது. பூச்சிமருந்து, தூக்கு, கிணறு, பாம்புக்கடி, சாலை விபத்து. புதியவர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். பயம் பழகிவிடும், முறையைத்தான் தவறவிடக் கூடாது.

ஆள் உயிரோடு இருக்கும்போதே தொடங்குகிறது வேலை. பூச்சிமருந்து குடித்தவர் வீட்டில் அந்தப் பாட்டிலையோ டப்பாவையோ தேடி எடுத்து லேபிளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பயிருக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகை மருந்துக்கு ஒரு சிகிச்சை, பாராகுவாட் களைக்கொல்லிக்கு வேறு. பெயர் தெரியாமல் டாக்டர் திணறுவார். பாட்டிலை இரண்டு விரலால் அடியில் பிடித்துப் பையில் போடுங்கள், பிறகு அதுவே வழக்குச் சொத்து.

இறந்துவிட்டால் பி.என்.எஸ்.எஸ் 194-ல் (பழைய 174) எஃப்.ஐ.ஆர் போடுவார்கள். விசாரணை அதிகாரி பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை முடித்து, டாக்டருக்கு வேண்டுகோள் கடிதத்தோடு உடலை உங்களிடம் ஒப்படைப்பார். அந்த நிமிடத்திலிருந்து டாக்டர் மேசை வரை உடலை விட்டு நகரக் கூடாது. சவக்கிடங்கில் வைத்தால் எத்தனை மணிக்கு, யார் பொறுப்பில் என்று எழுதுங்கள். உடலில் உள்ள நகை, தாலி, அரைஞாண், செல்போன் அத்தனையும் உறவினர் முன்னால் பட்டியலாக வேண்டும். "மஞ்சள் நிற உலோகம்" என்றே எழுதுங்கள், தங்கம் என்று எழுதாதீர்கள். தங்கமா கவரிங்கா என்று நமக்குத் தெரியாது, எழுதிவிட்டால் தங்கம் கேட்பார்கள்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் கொடுக்கும் துணிமணியை வாங்கி ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அது படிவம் 95-ல் கோர்ட்டுக்குப் போகும். உடலை ஒப்படைக்கும்போதுதான் சண்டை. இரண்டு குடும்பம் இருக்கும், அண்ணனும் மனைவியும் பேசாமல் இருப்பார்கள். யாரிடம் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், விசாரணை அதிகாரியைக் கேட்டு, ரசீது வாங்கி, அடையாள அட்டை பார்த்துக் கொடுங்கள்.

கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. அவர் வந்து பார்த்து முடிக்கும்வரை உடலைத் தொடவும் விடாதீர்கள். "பொழுது சாயுது, எடுத்துடலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் அழுத்துவார்கள். அந்தப் பெண்ணுக்காகப் பேச அங்கே மிஞ்சியிருப்பது அந்த விசாரணை ஒன்றுதான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கரும்பு வண்டி | 17 ஆகஸ்ட் 2025
விபத்து இடத்துல முதல்ல போய்ச் சேர்றது பீட் காவலர்தான். அங்க என்ன செய்யணும்னு யாராவது எழுதுங்க. எங்க பக்கம் ரிஃப்ளெக்டர் இல்லாத டிராக்டர் டிரெய்லர்ல பைக் போய் மோதறதுதான் அதிகம்.

பழைய ரைட்டர் | 17 ஆகஸ்ட் 2025
ஆளை அனுப்புவது முதல். தூக்கிக் கொண்டுவந்து சேர்த்தவரிடம் பெயர், முகவரி கேட்டு நிறுத்தாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது, விரும்பினால் மட்டும் சாட்சி சொல்வார். அடுத்தது வண்டியை நகர்த்துவதற்கு முன் படம்: நாலு பக்கத்திலிருந்தும், சாலை முழுதும் தெரிகிற மாதிரி. டயர் தேய்ந்த தடம், கண்ணாடிச் சில், ரத்தம் இருக்கும் இடத்தை மைல்கல், மின்கம்பம் மாதிரி நகராத ஒன்றிலிருந்து அளந்து வையுங்கள். எஸ்.ஐ. வந்து பார்வை மகஜரும் (இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் எழுதுவதற்குள் ஊர்க்காரர்கள் சாலையைக் கழுவிவிடுவார்கள்.

டிரெய்லர் என்றால் பின்பக்கம் தனியாக ஒரு படம். ரிஃப்ளெக்டர் இருந்ததா, பின்விளக்கு எரிந்ததா, கரும்பு எவ்வளவு வெளியே நீட்டியிருந்தது. மறுநாள் அந்த டிரெய்லரில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

பிறகு ஐராட் (சாலை விபத்து விவரம் பதியும்) செயலியில் ஏற்ற வேண்டும். 2022-லிருந்து உள்ள விதிப்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், விரிவான அறிக்கை 90 நாளுக்குள். இன்சூரன்ஸ் நகல் காலாவதியா என்று முதல் நாளே பாருங்கள். செத்தவர் குடும்பத்துக்குச் சோறு கிடைப்பது அந்தக் காகிதத்தில்தான்.

செம்பருத்தி | 23 ஆகஸ்ட் 2025
ஆவணி வந்தாச்சு, அடுத்து புரட்டாசி, பந்தோபஸ்து சீசன். ஒரே ஒரு விஷயம். தேரோ சாமி ஊர்வலமோ எந்தத் தெரு வழியா போகணும், எத்தன மணிக்குள்ள எந்த இடத்தக் கடக்கணும்னு தாசில்தார் முன்னால நடந்த சமாதானக் கூட்டத்துல எழுதியிருப்பாங்க. அந்த நகல போன்ல வச்சுக்கங்க. "வருஷா வருஷம் இந்தப் பக்கம்தான் போகும்"னு ஊர்ல ஒருத்தர் சொல்வாரு, வாய்ப்பேச்ச நம்பி விட்டுடக் கூடாது. மைக்செட்ல சாதிப் பாட்டு போட ஆரம்பிச்சா அப்பவே நிறுத்தணும், அரை மணி நேரம் கழிச்சுன்னா கல்லு பறக்கும்.

மகளிர் காவலர போடற பாயிண்ட்ல கழிப்பிடம் எங்கன்னு ரைட்டர் முன்னாடியே பார்த்து வைக்கணும். இத நான் எத்தன தரம் வேணும்னாலும் சொல்வேன். பதினாலு மணி நேரம் தண்ணி குடிக்காம நிக்கிறவங்களால கூட்டத்தப் பார்த்துக்க முடியாது.

பழைய ரைட்டர் | 24 ஆகஸ்ட் 2025
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பந்தோபஸ்து ஸ்கீம் எழுதும்போது இதற்கென்று ஒரு பத்தி போட வேண்டும்.

வைகைக்கரை | 30 ஆகஸ்ட் 2025
ஒரு கஷ்டமான கேள்வி. நான் பாராவுல இருக்கும்போது கணக்குல வராம ஒருத்தர உள்ள வச்சு அடிச்சா நான் என்ன பண்ண முடியும்? நான் ஒரு பி.சி.

பழைய ரைட்டர் | 31 ஆகஸ்ட் 2025
இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் அடித்து இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், சி.சி.டி.வி. பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அன்று இரவு அங்கே நடந்ததை வெளியே கொண்டுவந்ததில் அதே ஸ்டேஷனின் ஒரு பெண் தலைமைக் காவலர் சொன்ன சாட்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கீழ்நிலையில் இருப்பவரால் ஒன்றும் முடியாது என்று சொல்பவர்களுக்கு அவரைக் காட்டுங்கள்.

செய்யக்கூடியது இது. ஒருவரை ஸ்டேஷனுக்குள் கொண்டுவந்தால் நேரத்தையும் கொண்டுவந்தவர் பெயரையும் ஜி.டி-யில் எழுதுவது பாரா காவலரின் வேலை, அதற்கு யாரும் அனுமதி தரத் தேவையில்லை. கைது என்றால் உறவினருக்குச் சொன்னார்களா, கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா, டாக்டர் பார்த்தாரா என்று கேட்டுவிட்டு லாக்கப்பைத் திறங்கள். காயம் இருந்தால் லாக்கப்பில் வாங்காதீர்கள், "ஜி.எச். காட்டிட்டு வாங்கய்யா" என்று சொல்லுங்கள். பணிவாகச் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய நடுவரின் முன் அனுமதி வேண்டும். 24 மணி நேரக் கணக்கு ஆளைப் பிடித்த நிமிடத்திலிருந்து ஓடும், காகிதத்தில் காட்டும் நேரத்திலிருந்து அல்ல.

"எழுதாதே" என்று உத்தரவு வந்தால்? அது சட்டப்படியான உத்தரவு அல்ல. டி.எஸ்.பி-க்கோ எஸ்.பி. தனிப்பிரிவுக்கோ சொல்லலாம். பயம் இருக்கும், இடமாற்றம் வரும், மெமோ வரும். இடமாற்றம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். கொலை வழக்கில் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) நிற்பதிலிருந்து போக முடியாது.

நோட்டரி மாடி | 31 ஆகஸ்ட் 2025
சி.சி.டி.வி. பற்றி 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்குத் தீர்ப்பு இருக்கிறது. லாக்கப், வரவேற்பு, வராந்தா, நுழைவு, வெளியேறும் வழி எல்லாவற்றிலும் கேமரா, பதிவு 18 மாதம், கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு. கேமரா ஓடவில்லை என்று பார்த்தால் பாரா காவலர் ஜி.டி-யில் எழுதி நிலைய அதிகாரிக்குத் தெரிவித்துவிட வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பதை விட "ஓடவில்லை, இத்தனை மணிக்குத் தெரிவித்தேன்" என்பது உங்களைக் காக்கும்.

கரும்பு வண்டி | 2 செப்டம்பர் 2025
வார ஓய்வு நிஜமாவே கிடைக்குதா?

செம்பருத்தி | 2 செப்டம்பர் 2025
2021 நவம்பர்ல அரசாணை வந்துச்சு, ரெண்டாம் நிலைக் காவலர்ல இருந்து ஏட்டு வரைக்கும். ஆள் நிறைய இருக்கிற ஸ்டேஷன்ல கிடைக்குது. சின்ன ஸ்டேஷன்ல ஒருத்தர் கோர்ட், ஒருத்தர் ஜி.எச். காவல், ஒருத்தர் மெடிக்கல் லீவுன்னா நாலாவது ஆளுக்கு ஓய்வு போயிடும். முன்கூட்டியே கிழமைய எழுதி ரைட்டர்கிட்ட கொடுத்தா கிடைக்க வாய்ப்பு அதிகம். அன்னைக்குக் காலையில கேட்டா கிடைக்காது.

பழைய ரைட்டர் | 6 செப்டம்பர் 2025
பாடி டியூட்டியில் ஒன்று விட்டுப்போனது, முக்கியம் என்பதால் தனியாக எழுதுகிறேன். விஷச் சாவு என்றால் உள்ளுறுப்புகள் உள்ள பாட்டில்களை டாக்டர் முத்திரையிட்டுக் கொடுப்பார். இரசாயனப் பகுப்பாய்வுக்குப் போவது உப்புக் கரைசலில் இருக்க வேண்டும். ஃபார்மலின் திசுப் பரிசோதனைக்கு மட்டும். இரண்டும் ஒரே பையில் வந்தால் லேபிளை அங்கேயே படித்துப் பாருங்கள், மாறியிருந்தால் டாக்டரிடம் அங்கேயே கேளுங்கள். ஃபார்மலினில் ஊறிய உறுப்பில் விஷம் கண்டுபிடிப்பது பெரும் சிக்கல், பல விஷங்கள் கிடைக்காமலே போகும்.

வாங்கும்போது எத்தனை பாட்டில், ஒவ்வொன்றிலும் முத்திரை உடையாமல் இருக்கிறதா, மாதிரி முத்திரை தனி உறையில் இருக்கிறதா பாருங்கள். வட்டாரத் தடய அறிவியல் கூடத்தில் அந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். பாட்டிலைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே ரேக்கில் வைத்தால் பிரேக் அடிக்கும்போது விழும். கூடத்தில் கொடுக்கும் ரசீதில் எண்ணும் தேதியும் இருக்கும், அதை ஸ்டேஷனுக்கு வந்ததும் சி.டி. (வழக்கு நாட்குறிப்பு) ஃபைலில் சேர்க்கச் சொல்லி, நகலெடுத்து நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.